நட்சத்திரத்தின் உட்புறத்தை அளப்பது எப்படி? நிறமாலையும் துடிப்பும் சேர்ந்து சொல்வது

கேள்வி இதுதான்: "நட்சத்திரத்திலிருந்து நமக்கு வருவது மேற்பரப்பின் வெளிச்சம் மட்டுமே. அப்படியிருக்க, அதன் மையத்தில் எரிவது ஹைட்ரஜனா ஹீலியமா, கரு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதையெல்லாம் எப்படிச் சொல்கிறார்கள்? நிறமாலையை வைத்தா?"

நிறமாலையை மட்டும் வைத்து இல்லை. நிறமாலைக் கோடுகள் உருவாகும் அடுக்கு மிக மெல்லியது. சூரியனில் அது சில நூறு கிலோமீட்டர் தடிமன்தான். சூரியனின் ஆரமோ ஏறக்குறைய 6,96,000 கிலோமீட்டர். அந்தத் தோலின் வெப்பநிலை, ஈர்ப்பு, வேதிச் சேர்க்கை, நம்மை நோக்கியோ விலகியோ அது நகரும் வேகம், இவற்றை நிறமாலை தரும். உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்வது நட்சத்திரத்தின் துடிப்பு. ஆனால் துடிப்பின் அதிர்வெண்களை மட்டும் வைத்தாலும் சராசரி அடர்த்திக்கு மேல் உறுதியாக அதிகம் கிடைக்காது. அந்த அதிர்வெண்கள் நிறையாகவும் ஆரமாகவும் வயதாகவும் மாற, மேற்பரப்பு வெப்பநிலையும் உலோக அளவும் (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களின் அளவு) கையில் இருக்க வேண்டும். அவை நிறமாலையிலிருந்துதான் வரும். ஒன்றில் விழும் பிழை மற்றொன்றுக்குள் கசியும் என்பதால், இரண்டையும் எந்த வரிசையில் பயன்படுத்துகிறோம் என்பது முக்கியம்.

துடிப்பது எது

பழம் முற்றிவிட்டதா என்று பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்போம். நட்சத்திரத்தைத் தட்ட ஆள் வேண்டாம். சூரியனைப் போன்றவற்றில் மேற்பரப்புக்கு அடியில் கொதிக்கும் வெப்பச்சலனமே ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கொந்தளிப்பில் பிறக்கும் ஒலி அலைகள் உள்ளே போய்த் திரும்புகின்றன. குறிப்பிட்ட அதிர்வெண்கள் மட்டும் நிலை அலைகளாக நிற்கின்றன. சூரியனில் இவற்றின் காலம் சுமார் 5 நிமிடம். 1960-இல் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் ராபர்ட் லெய்ட்டன் குழு இதைக் கண்டது. மேற்பரப்பில் ஏதோ சலசலப்பு என்று முதலில் நினைத்தார்கள். சூரியன் முழுவதும் அதிர்கிறது என்ற விளக்கம் 1970-களில்தான் உறுதியானது.

ஆழத்தைப் பிரித்துக் காட்டுவது ஒலியின் வேகம். சூரியனின் மேற்பரப்பை ஒட்டி அது வினாடிக்கு 8 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. மையத்தில் சுமார் 500 கிலோமீட்டர். உள்ளே போகப் போக வேகம் கூடுவதால், சாய்வாக இறங்கும் அலை வளைந்து மேலே திரும்பிவிடும். மேற்பரப்பைப் பல துண்டுகளாகப் பிரித்து அதிரும் அலை மேலோட்டமாகத் திரும்பும். நட்சத்திரம் மொத்தமாக விரிந்து சுருங்கும் அலை மையம் வரை போகும். சூரியனின் வட்டத்தைப் படமாகப் பிடிக்க முடிவதால் ஆயிரக்கணக்கான அலைவு வகைகள் கிடைக்கின்றன. மற்ற நட்சத்திரங்கள் வெறும் புள்ளிகள். அவற்றில் நுண்ணிய துண்டுகளின் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். எஞ்சுவது பரவலான மூன்று நான்கு வகைகள் மட்டுமே. நல்லவேளையாக மையம் வரை போகிறவையும் அவைதான்.

வேகத்தில் அளப்பது

ஓர் அலைவால் சூரியனின் மேற்பரப்பு ஏறி இறங்கும் வேகம் வினாடிக்கு சுமார் 20 சென்டிமீட்டர். 1909-இல் கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளைச் சுற்றிய வாயு ஓட்டத்தை டாப்ளர் பெயர்ச்சியில் (ஒளி தரும் பொருள் நகர்வதால் கோட்டின் அலைநீளம் மாறுவது) கண்டுபிடித்தார். அங்கே அளந்த வேகம் வினாடிக்குக் கிலோமீட்டர் கணக்கு. இங்கே தேவைப்படுவது அதைவிடப் பல்லாயிரம் மடங்கு நுண்மை. 5500 ஆங்ஸ்ட்ராம் கோடு ஒன்று வினாடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்துக்கு நகர்வது ஓர் ஆங்ஸ்ட்ராமில் பத்து லட்சத்தில் 4 பங்குகூட இல்லை. சிலியின் லா சில்லாவில் உள்ள ஹார்ப்ஸ் நிறமாலைமானியில் ஒரு பிக்சலின் அகலமே வினாடிக்கு 800 மீட்டர் வேகத்துக்குச் சமம். ஆயிரக்கணக்கான கோடுகளைச் சேர்த்துச் சராசரி எடுப்பதால்தான் பிக்சலின் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்வு பிடிபடுகிறது. கருவி நகரவில்லை என்பதற்குச் சான்றாக, நட்சத்திர ஒளியோடு கூடவே தோரியம்-ஆர்கான் விளக்கின் கோடுகளைப் பதிவு செய்வார்கள். அல்லது அயோடின் ஆவி நிரம்பிய கலத்தின் வழியே ஒளியை விடுவார்கள்.

கெடுவது பெரும்பாலும் கவனிக்காத இடத்தில்தான். பூமியின் சுழற்சியால் தொலைநோக்கியின் வேகம் ஒவ்வொரு வினாடியும் 3.4 சென்டிமீட்டர்/வினாடி வரை மாறும். பதிவின் நடுநேரத்தை 10 வினாடி தவறாகக் குறித்தால் வேகத்தில் 30 சென்டிமீட்டருக்கு மேல் பிழை; தேடும் அலைவைவிட அது பெரிது. பதிவின் பாதியில் மேகம் கடந்து போனால் போதும், ஒளியின் எடைப்படியான நடுநேரம் கடிகாரத்தின் நடுநேரத்திலிருந்து விலகிவிடும். அதனால்தான் இத்தகைய கருவிகளில் ஒளியின் ஒரு சிறு பங்கைத் தனியே எடுத்து நொடிக்கு நொடி அளக்கும் ஒளிமானி வைத்திருக்கிறார்கள்.

பதிவு நேரத்தின் நீளமும் அப்படித்தான். 5 நிமிட அலைவை 60 வினாடிப் பதிவுகளால் அளந்தால் வீச்சில் 6 அல்லது 7 சதவீதம் குறையும். 150 வினாடி என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கோள் தேடுபவர்கள் இதையே தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள்: அலைவு அவர்களுக்குத் தொந்தரவு என்பதால் 10, 15 நிமிடம் பதிவு செய்து அதை அழித்துவிடுகிறார்கள்.

ஒரே இடத்திலிருந்து பார்ப்பவருக்கு மிகப் பெரிய தலைவலி பகல். தினமும் விழும் இடைவெளியால் அதிர்வெண் வரைபடத்தில் ஒவ்வொரு உண்மையான உச்சிக்கும் இருபுறமும் 11.57 மைக்ரோஹெர்ட்ஸ் (ஒரு மைக்ரோஹெர்ட்ஸ் என்பது பத்து லட்சம் வினாடிக்கு ஓர் அலைவு) தள்ளிப் போலி உச்சிகள் முளைக்கும். சூரியனில் ஒரு குறிப்பிட்ட இரு அலைவுகளுக்கு இடையிலான இடைவெளியே சுமார் 9 மைக்ரோஹெர்ட்ஸ்தான். எது அசல், எது போலி என்று பிரிப்பது எவ்வளவு சிரமம் என்பது புரியும். சூரியனுக்காக 'காங்' வலையமைப்பு உதய்ப்பூர் உட்பட உலகின் ஆறு இடங்களில் தொலைநோக்கிகளை வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஒளியில் அளப்பது

விண்வெளித் தொலைநோக்கிக்குப் பகல் இல்லை. கோரோ (2006), கெப்ளர் (2009), டெஸ் (2018) மூன்றும் நட்சத்திர ஒளியின் ஏற்ற இறக்கத்தை அளந்தன. சூரியனைப் போன்ற நட்சத்திரத்தில் ஓர் அலைவால் ஒளி மாறுவது பத்து லட்சத்தில் நான்கைந்து பங்கு. வெப்பச்சலனக் குமிழ்களின் இரைச்சல் ஒளியில் தூக்கலாகவும் வேகத்தில் அடக்கமாகவும் இருப்பதால், பிரகாசமான ஒற்றை நட்சத்திரத்துக்கு நிறமாலைதான் இன்றும் சுத்தமான வழி. ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் ஒளி வளைவுதான், அதாவது நேரத்தோடு ஒளி மாறுவதன் பதிவு.

ஒரு நட்சத்திரத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு சிவப்பு ராட்சத நட்சத்திரத்தை, அதாவது முதுமையில் ஊதிப் பெருத்த ஒன்றை, எடுத்துக்கொள்வோம். விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவைச் சேமிக்கும் மாஸ்ட் காப்பகத்திலிருந்து ஒளி வளைவை இலவசமாக இறக்கலாம். பைத்தானில் இயங்கும் லைட்கர்வ் தொகுப்பில் இதற்கான கருவிகள் இருக்கின்றன. அதிர்வெண் வரைபடம் போட்டால் சரிந்து இறங்கும் இரைச்சலின் மேல் ஒரு மேடு தெரியும். மேட்டின் நடு 35 மைக்ரோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். இது உச்ச அதிர்வெண். மேட்டுக்குள் சீப்புப் பல்போல் நிற்கும் உச்சிகள் 4.1 மைக்ரோஹெர்ட்ஸ் இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகின்றன. இது பெரிய இடைவெளி. ஒலி நட்சத்திரத்தின் குறுக்கே மையம் வழியாகக் கடக்க ஆகும் நேரத்தின் தலைகீழ் அது. சூரியனில் இந்தப் பயணம் சுமார் 2 மணி நேரம், இங்கே 2.8 நாள்.

மேடு தெரியவே இல்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வடிகட்டியை. 35 மைக்ரோஹெர்ட்ஸ் என்பது சுமார் 8 மணி நேர அலைவு. லைட்கர்வின் சமன்படுத்தும் கட்டளை, நாம் எதுவும் மாற்றாவிட்டால், 101 புள்ளி அகலத்தில் வேலை செய்யும். கெப்ளரின் 29.4 நிமிடத் தரவில் அது இரண்டு நாள், பாதகமில்லை. அதையே டெஸ்ஸின் 2 நிமிடத் தரவில் போட்டால் அகலம் மூன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. கறையோடு சேர்த்துத் துணியையும் கிழித்தாயிற்று. அலைவின் காலத்தைப்போல் குறைந்தது நான்கைந்து மடங்கு அகலம் வையுங்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு பொறி உண்டு. 29.4 நிமிடத் தரவால் 283 மைக்ரோஹெர்ட்ஸ் வரைதான் பார்க்க முடியும். அதற்கு மேல் இருப்பவை மடங்கிக் கீழே விழும். 320-இல் துடிக்கும் நட்சத்திரம் 246-இல் துடிப்பதாகத் தெரியும். வரைபடம் பார்க்க அழகாகவே இருக்கும், நிறைதான் அபத்தமாக வரும்.

இனி சூரியனோடு ஒப்பிட வேண்டும். சூரியனின் உச்ச அதிர்வெண் 3090, பெரிய இடைவெளி 135.1 மைக்ரோஹெர்ட்ஸ். உச்ச அதிர்வெண் விகிதத்தைப் பெரிய இடைவெளி விகிதத்தின் வர்க்கத்தால் வகுத்து, வெப்பநிலை விகிதத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் ஆரம். உச்ச அதிர்வெண் விகிதத்தின் மூன்றாம் அடுக்கை, பெரிய இடைவெளி விகிதத்தின் நான்காம் அடுக்கால் வகுத்து, வெப்பநிலை விகிதத்தின் ஒன்றரை அடுக்கால் பெருக்கினால் நிறை. நிறமாலை 4800 கெல்வின் என்று சொன்னால், ஆரம் சூரியனைப்போல் 11.2 மடங்கு, நிறை 1.3 மடங்கு.

அந்த அடுக்குகளை மதியுங்கள். உச்ச அதிர்வெண்ணில் 2 சதவீதப் பிழை நிறையில் 6 சதவீதம் ஆகும். பெரிய இடைவெளியில் 1 சதவீதம் 4 ஆகும். வெப்பநிலை 100 கெல்வின் தவறினால் 3 சதவீதம். மூன்றும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால் மொத்தம் 8 சதவீதத்தை ஒட்டி வரும். ராட்சத நட்சத்திரத்தின் வயது, நிறையின் மூன்றாம் அடுக்கை ஒட்டித் தலைகீழாகப் போவதால், அதே 8 சதவீதம் வயதில் 25 சதவீதம் ஆகிவிடும்.

நிறமாலையின் பங்கு வெப்பநிலையைக் கொடுத்ததோடு முடியவில்லை. இரும்பின் நடுநிலை அணுக் கோடுகளையும் அயனிக் கோடுகளையும் ஒப்பிட்டு மேற்பரப்பு ஈர்ப்பைக் கணிப்பது வழக்கமான முறை. அதில் மடக்கை அளவில் 0.1 முதல் 0.2 வரை பிழை சாதாரணம். குளிர்ந்த ராட்சதங்களில் மூலக்கூறு கோடுகள் நெருக்கியடிப்பதால், கோடில்லாத தொடர் ஒளியின் மட்டத்தை எங்கே வைப்பது என்பதே தகராறு. அதை ஒரு சதவீதம் தாழ்த்தி வைத்தால் மெல்லிய கோடுகளெல்லாம் வலுவிழந்து உலோக அளவு குறைந்துவிடும். வெப்பநிலை, ஈர்ப்பு, உலோகம் மூன்றும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துப் பொருந்திவிடுவதால் பிழை வெளியே தெரியாது.

துடிப்பு தரும் ஈர்ப்பு அப்படியல்ல. அது உச்ச அதிர்வெண்ணையும் வெப்பநிலையின் வர்க்கமூலத்தையும் மட்டுமே சார்ந்தது. நம் நட்சத்திரத்துக்கு மடக்கையில் 2.45 வருகிறது, வெப்பநிலை 100 கெல்வின் தவறினாலும் 0.005-க்கு மேல் நகராது. ஆகவே செய்ய வேண்டிய வரிசை இது: நிறமாலையிலிருந்து தோராயமான வெப்பநிலை, அதைக் கொண்டு துடிப்பிலிருந்து ஈர்ப்பு, அந்த ஈர்ப்பை அசையாமல் கட்டிவைத்து நிறமாலையை மறுபடி பொருத்திப் புதிய வெப்பநிலையும் உலோகமும், மீண்டும் துடிப்பு. இரண்டு மூன்று சுற்றில் நிலைத்துவிடும். நிலைக்காவிட்டால் பெரும்பாலும் அந்த ஒளியில் இன்னொரு நட்சத்திரம் கலந்திருக்கிறது. டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானத்தில் 21 வில்விநாடி (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி). அண்டைவீட்டுக்காரர் நுழைய இடம் தாராளம்.

கருவுக்குள்

கேள்வியின் முக்கியப் பகுதி இதுதான். மேலே சொன்ன 11 மடங்கு ராட்சதம் இரண்டு விதமாக இருக்கலாம். செயலற்ற ஹீலியம் கருவைச் சுற்றி ஓர் உறையில் ஹைட்ரஜன் மட்டும் எரிந்துகொண்டிருக்கலாம். அல்லது கருவில் ஹீலியமே எரியத் தொடங்கியிருக்கலாம். இரண்டின் நிறமாலையும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும்.

அடர்ந்த கருவுக்குள் மிதப்பு விசையால் இயங்கும் வேறொரு அலைவு உண்டு. ராட்சத நட்சத்திரங்களில் அதன் அதிர்வெண் வெளியுறையின் ஒலி அலைகளோடு ஒத்துப்போவதால் இரண்டும் பின்னிக்கொள்கின்றன. கருவில் பாதியும் உறையில் பாதியும் வாழும் இந்தக் கலப்பு அலைவு, உள்ளே நடப்பதை மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. ஒலி அலைகள் அதிர்வெண்ணில் சம இடைவெளி விடும். கருவின் அலைவுகள் அலைவுக் காலத்தில் சம இடைவெளி விடும். 2011-இல் பெடிங் குழு கெப்ளர் தரவில் காட்டியது இதைத்தான்: கவனித்த கால இடைவெளி 50 வினாடியை ஒட்டியிருந்தால் உறையில் ஹைட்ரஜன் மட்டும் எரிகிறது, 100 முதல் 300 வினாடி என்றால் கருவில் ஹீலியம் எரிகிறது. இரண்டு கூட்டங்களும் வரைபடத்தில் தனித்தனியாகப் பிரிந்து நின்றன.

இதற்கு எவ்வளவு நாள் தரவு வேண்டும் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். 35 மைக்ரோஹெர்ட்ஸில் 300 வினாடி இடைவெளி என்பது 0.37 மைக்ரோஹெர்ட்ஸ்; 60 வினாடி என்றால் 0.07. டெஸ் வானத்தைப் பகுதி பகுதியாகப் பார்க்கிறது; ஒரு 27 நாள் பகுதியின் பிரிதிறன், அதாவது பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அதிர்வெண் வேறுபாடு, 0.43. பெரிய இடைவெளிக்கு அது போதும், கருவுக்குப் போதாது. கெப்ளரின் 4 ஆண்டுத் தரவில் பிரிதிறன் 0.008. ஒரே ஒரு டெஸ் பகுதியை வைத்துக்கொண்டு கருவைப் பற்றிப் பேசும் கட்டுரையைப் பார்த்தால் நிதானமாகப் படியுங்கள்.

சுழற்சியும் இதே அலைவுகளில் தெரியும். சுழலும் நட்சத்திரத்தில் ஓர் உச்சி இரண்டாக, மூன்றாகப் பிளக்கும். கருவில் அதிகம் வாழும் அலைவு அகலமாகப் பிளந்தால் கரு வேகமாகச் சுழல்கிறது என்று பொருள். 2012-இல் பெக் குழு, மேற்பரப்பைவிடக் குறைந்தது 10 மடங்கு வேகமாகக் கரு சுழலும் ராட்சதங்களைக் காட்டியது. வியப்பு அந்த 10 அல்ல. சுருங்கும் கருவுக்குக் கோட்பாடு எதிர்பார்த்த வேகம் அதைவிட மிக அதிகம். ஏதோ ஒன்று கருவின் சுழற்சியை வெளியே இழுத்துக்கொண்டிருக்கிறது. அது என்ன என்பதில் இன்றும் உடன்பாடு இல்லை. காந்தப்புலம் ஒரு சந்தேகம். 2022-இல் லி குழு மூன்று ராட்சதங்களில் பிளவு இருபுறமும் சமமாக இல்லாததை வைத்துக் கருவில் 30 முதல் 100 கிலோகாஸ் (காஸ் என்பது காந்தப்புலத்தின் அலகு) புலத்தை அளந்தது.

சூரியனை ஒத்தவை, கனமானவை

சூரியனைப் போன்றவற்றில் வயதைச் சொல்வது, முன்பு சொன்ன 9 மைக்ரோஹெர்ட்ஸ் போன்ற சிறிய இடைவெளி. ஹைட்ரஜன் ஹீலியமாக மாற மாற மையத்தின் சராசரி அணுநிறை கூடி, ஒலியின் வேகம் அங்கே குறைகிறது. மையத்தைத் தொடும் அலைவு மட்டும் அதை உணர்ந்து இடைவெளியைச் சுருக்குகிறது. இங்கே மாடல்களின் பலவீனம் மேற்பரப்பை ஒட்டிய கொந்தளிப்பு. அதைச் சரியாகக் கணிக்காததால் உயர் அதிர்வெண்களில் மாடல் பல மைக்ரோஹெர்ட்ஸ் தள்ளிப் போகும். திருத்தச் சூத்திரம் போடலாம். அதைவிட நம்பகமானது, சிறிய இடைவெளியைப் பெரிய இடைவெளியால் வகுத்த விகிதத்தைப் பொருத்துவது. மேற்பரப்பின் பிழை பெரும்பாலும் அதில் அடிபட்டுப்போகும்.

கனமான, சூடான நட்சத்திரங்களில் நிறமாலைக்கு வேறு வேலை. அங்கே அதிர்வெண்கள் ஒழுங்கான சீப்பாக வராது; எந்த உச்சி எந்த வகை அலைவு என்பதே தெரியாது. கோட்டின் வடிவம் துடிப்போடு சேர்ந்து எப்படி நெளிகிறது என்று பார்த்து வகையை அடையாளம் காண வேண்டும். அதற்கு நிறமாலையின் பிரிதிறன் (அலைநீளத்தை, பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய வேறுபாட்டால் வகுத்தது) 40,000-க்குக் குறையக் கூடாது. ஒளி அளவீட்டாலும் வகையைக் காணலாம், பொறுமை வேண்டும். ஏர்ட்ஸ் குழு 2003-இல் பீட்டா செஃபி வகையைச் (கனமான, சூடான துடிக்கும் நட்சத்திரங்கள்) சேர்ந்த ஹெச்டி 129929-இல் வெறும் ஆறு அதிர்வெண்களை அடையாளம் கண்டு, உட்புறம் மேற்பரப்பைவிடச் சுமார் 4 மடங்கு வேகமாகச் சுழல்வதைக் காட்டியது. அதற்கு 21 ஆண்டு ஒளி அளவீடுகள் தேவைப்பட்டன.

இரண்டும் சண்டையிட்டால்

இந்தத் துறையின் மிகச் சுவையான வழக்கு நம் சூரியன்தான். 2000-க்குப் பிறகு அஸ்ப்ளண்ட் குழு முப்பரிமாண வளிமண்டல மாடல்களைக் கொண்டு சூரிய நிறமாலையை மறுபடி அளந்தபோது ஆக்சிஜன், கார்பன் அளவுகள் இறங்கின. ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களின் மொத்தப் பங்கு 1.7 சதவீதத்திலிருந்து 1.34-க்கு வந்தது. புதிய அளவைப் போட்டு மாடல் கட்டினால், வெப்பச்சலன அடுக்கின் அடித்தளம் ஆரத்தில் சுமார் 0.724 பங்கில் வருகிறது. அதிர்வுகள் அளந்தது 0.713. மேற்பரப்பு ஹீலியமும் 0.2485-க்குப் பதில் 0.232 அளவில் நிற்கிறது. பழைய, "தவறான" அளவுதான் அதிர்வோடு அழகாகப் பொருந்தியது.

யார் தவறு? மூன்றாவதாக ஒருவர் மாட்டினார். உள்ளே ஒளி எவ்வளவு தடுக்கப்படுகிறது என்ற கணக்கு தவறாக இருந்தாலும் இதே முரண் வரும். 2015-இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தின் இசட் இயந்திரத்தில் சூரியனின் உட்புறத்தை ஒத்த வெப்பத்தில் இரும்பை அளந்தபோது, ஒளித்தடை சில அலைநீளங்களில் கணித்ததைவிட 30 முதல் 400 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2022-இல் மாக் குழு நிறமாலையைத் திரும்ப ஆராய்ந்து, கன தனிமங்களின் அளவு ஏறக்குறைய பழைய மட்டத்துக்கே வருகிறது என்றது. அஸ்ப்ளண்ட் தரப்பு தாழ்ந்த அளவிலேயே நிற்கிறது. மற்ற நட்சத்திரங்களின் உலோக அளவு சூரியனோடு ஒப்பிட்டே சொல்லப்படுவதால், அவற்றுக்கு மாடல் கட்டும்போது எந்தச் சூரிய அளவைப் பயன்படுத்தினீர்கள் என்பதை முடிவோடு சேர்த்து எழுதியே ஆக வேண்டும். எழுதாத வயதையும் நிறையையும் பிறர் முடிவுகளோடு ஒப்பிட முடியாது.